வெண்ணிலாவின் நாற்காலி

வாசலில் ஸ்டெஃபியின் செருப்பு இல்லை. ஆனால் எழுத்து அறைக்குள் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

காபித் தட்டைப் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்ற புஷ்பலதா இன்னொரு தடவை வாசலை எட்டிப் பார்த்தாள். மூடுபனி ரோஜாத் தொட்டிகளையும் கேட்டையும் அதற்கப்பால் போகும் கிளியூர் ரோட்டையும் விழுங்கிவிட்டு, மிதியடியின் ஓரம்வரை வந்து நின்றிருந்தது. மிதியடிமேல் அவளுடைய செருப்பு ஒரு ஜோடி, கணவருடையது ஒரு ஜோடி. அந்தப் பெண் தினமும் கழற்றிவிடும் நீலப் பட்டை வைத்த செருப்பைக் காணோம். மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது என்றாலும் பனி இறங்கிய நாளில் ஏற்காட்டில் பகல் ஏது, வீடு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும், பக்கத்து எஸ்டேட்டில் காபிப் பழம் அரைக்கும் இடத்திலிருந்து வரும் புளித்த வாடையும், அறைக் கதவுக்கு அந்தப்பக்கம் கணவரின் அடங்கிய குரலும். அவர் நிறுத்தினதும் அந்தப் பெண் குரல்.

செருப்பை எங்கே ஒளித்து வைத்தாளாம்? புஷ்பலதாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, இந்தக் கேள்விதான்.

தட்டை அறைக்கு வெளியே இருந்த முக்காலியில் வைத்தாள். கதவை இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே போகக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, தட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். ஒரு காலத்தில் இதே கதவுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, வேலைக்காரி ராசாத்தி தட்டுகிற சத்தத்தைக் கேட்டவள் அவள். இப்போது தட்டுகிறவளாகிவிட்டாள்.

அவள் கணவர் ஏற்காடு சந்திரசேகரைத் தெரியாதவர்கள் சேலம் ஜில்லாவில் குறைவு. காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். பகலெல்லாம் ஆள் கணக்கு எழுதிவிட்டு, சாயங்காலம் அதே பேனாவால் பேய்க்கதை எழுதினார். ஒரு வாரப் பத்திரிகையில் முதல் கதை வந்தது. பிறகு மாத நாவல்கள். சேலம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள்; ஊருக்குப் போகிறவர்கள் முறுக்குப் பொட்டலத்தோடு ஒன்றை உருவிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு, தீபாவளி மாதம் என்றால் மூன்றுகூட. நடுவே மலைக்கு அடியில் மழையைப் பூட்டி வைத்திருக்கும் ராஜ்ஜியத்தைப் பற்றி தலையணை தலையணையாக மாயக்கதைகள் வேறு. எத்தனை எழுதினார் என்று அவருக்கே தெரியாது. வாசகர்கள் பஸ் பிடித்து மலையேறி வந்து, உங்களுக்கு மட்டும் எப்படி ஐயா இவ்வளவு வருகிறது என்று கேட்பார்கள். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, எல்லாம் இந்த மலை கொடுத்தது என்பார். காபி கொண்டுவரும் புஷ்பலதா அதைக் கேட்டுக்கொண்டே நகர்வாள். மலையா கொடுத்தது? தொண்டை கட்டக் கட்டப் பேசினது யாராம்?

அவருக்கு ராஜாவை எழுத வரும், ராட்சசனை எழுத வரும். பெண் பேசுவது மட்டும் சுட்டுப் போட்டாலும் வராது. அதனால் கல்யாணமான புதிதில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜன்னலைப் பார்த்து மேஜையில் உட்கார்ந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் ஒரு பிரம்பு நாற்காலி, அதில் புஷ்பலதா. கதையில் ஆண் பேசுவதை அவர் உரக்கச் சொல்வார். அவள் வெண்ணிலாவாக இருந்து வாய்க்கு வந்ததைப் பதிலாகச் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்க்காமல் அப்படியே எழுதிக்கொள்வார். எஸ்டேட் பங்களாவில் செத்துப்போய் அங்கிருந்து போகவே மறுக்கும் வெண்ணிலா அப்படிப் பிறந்தவள்தான். "கதவச் சாத்தாதீங்க. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்." வெண்ணிலா வருகிற ஒவ்வொரு நாவலும் இந்தப் பேச்சோடு ஆரம்பிக்கும். காலேஜ் பிள்ளைகள் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். முதன்முதலில் அதைச் சொன்ன வாய் புஷ்பலதாவுடையது.

ஒரு சம்பிரதாயமும் உண்டு. சந்திரசேகரின் அப்பா குப்பனூரில் தெருக்கூத்து ஆடினவர். வேஷம் கட்டினவனை, அரிதாரம் கலைக்குமுன் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவன் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கட்டின வேஷம் இறங்காது என்பது அந்தக் கூத்து ஜமாவின் வழக்கம். அதை மகன் எழுத்து அறைக்குக் கொண்டுவந்தார். எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு "புஷ்பா" என்பார். அவள் "ஏனுங்க" என்பாள். அதன்பிறகுதான் விளக்கை அணைப்பார், கதவைச் சாத்துவார். மற்ற நேரமெல்லாம் அவளுக்குப் பேர் கிடையாது. இங்க பாரு, இந்தா, அவ்வளவுதான். சாயங்காலத்தில் அந்த ஒரு கூப்பிடலுக்காகவே அவள் மதியம் பூராவும் பேயாகப் பேசினாள் என்று சொன்னால் தப்பில்லை.

போன வருஷம் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. ஆபரேஷனுக்குச் சேலம் போவதற்கு முதல் நாளும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைசியில் அவர் "புஷ்பா" என்றபோது தொண்டை அடைத்துக்கொண்டு சத்தமே வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, குரல்தான் போய்விட்டது. தகரத்தில் கல் உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு மிஞ்சியது. அந்தச் சமயம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வெண்ணிலா கதைகளைச் செல்போனில் கேட்கிற மாதிரிப் பேசிப் பதிவு செய்ய வந்தார்கள். அவள் பேசிக் காட்டினாள். மேடம் ரெஸ்ட் எடுக்கட்டும் சார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். சர்ச்சில் பாட்டுப் பாடும் கிளியூர்ப் பெண் ஸ்டெஃபி வந்தாள். பதிவுக்கு வந்தவள் எழுதும்போதும் உட்கார்ந்தாள். சாயங்காலத்தில் "ஸ்டெஃபி" என்று அவர் கூப்பிடுவதும் "சொல்லுங்க சார்" என்று அது குழைவதும் அடுப்படிவரை கேட்கும். கேட்கும்போதெல்லாம் புஷ்பலதாவுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண் நல்ல பெண் என்பதும் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

உள்ளே சிரிப்புச் சத்தம். கலகலவென்று ஆரம்பித்து, நடுவில் மூச்சை உள்ளே இழுத்து, மறுபடி சிரிக்கிற சிரிப்பு.

பின்கட்டுக் கதவைப் போய்ப் பார்த்தாள். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ராசாத்தி கழுவக் கொண்டு வைத்திருந்த நேற்றைய தட்டு தொட்டியடியில் இருந்தது. இரண்டு தம்ளர். ஒன்று காலி. இன்னொன்றின் அடியில் ஒரு மடக்குக் காபி மிச்சம், மேலே ஆடை கட்டியிருந்தது.

ஸ்டெஃபி ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாள். எதைக் குடித்தாலும் அடியில் ஒரு மடக்கு விட்டுவைக்கிற பழக்கம் இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு, அதற்காக மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவளும் அவள்தான். புஷ்பலதா தம்ளரைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்து ஸ்டெஃபியைக் கூப்பிட்டாள்.

எடுத்ததும் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், மஜீத் பாய் மளிகைக் கடையில் நிற்பதாகச் சொன்னாள்.

"நீ இன்னிக்கு இங்க வரலையா கண்ணு?"

ஸ்டெஃபி கடையை விட்டுத் தள்ளி வந்தாள் போல, ஹாரன் சத்தம் குறைந்தது.

"நான் நேத்தோட நின்னுட்டனுங்கக்கா. சார் சொல்லலீங்களா?"

புஷ்பலதா கூடத்துக்கு வந்தாள். அறைக்குள் அந்தக் குரல் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் நின்றாய் என்று கேட்டாள்.

"அந்தச் சேர்ல உக்காந்தா என் வாயில உங்க குரல் வருதுங்கக்கா. இப்ப இருக்கற குரல் இல்லீங்க, நான் கேட்டே இருக்காத குரலு. அது உங்களதுன்னு சார் சொல்லித்தான் தெரியும். அவரு அழுதுட்டாருங்க." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எந்திரிச்சு வெளிய ஓடியாந்துட்டேன். நான் வந்தப்பறமும் அது உள்ள பேசிட்டே இருந்துச்சுங்கக்கா. நீங்க அந்த ரூமுக்குள்ள போவாதீங்க."

போனைக் காதிலிருந்து எடுத்த பிறகுதான் புஷ்பலதா அந்தக் குரலை ஒழுங்காகக் கேட்டாள். சொந்தக் குரல் வெளியே இருந்து கேட்கும்போது சட்டென்று பிடிபடுவதில்லை. கழுத்தில் கத்தி படுவதற்கு முன் இருந்த குரல். அதற்கும் முன்னால், மல்லிகை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்த காலத்துக் குரல். ரோமம் சிலிர்த்தது. அதே நேரத்தில் இன்னொன்றும் நெஞ்சில் குத்தியது. என்ன அழகான குரல் என்று நினைத்தாள். அது அவரோடு பேசிக்கொண்டிருக்கிறது, நான் தட்டை வைத்துவிட்டு வெளியே நிற்கிறேன்.

அன்று அவர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. பேனாவை மூடும் சத்தம் கேட்டது, கதவு திறந்தது. விளக்கை அணைக்காமலே வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அவர் தோளுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலி தெரிந்தது. ஆள் இல்லை. உட்காரும் இடம் மட்டும் அமுங்கியிருந்தது.

"உள்ள யாருங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே கரகரப்பு தனக்கே காதில் அறைந்தது.

யாருமில்லை, எழுத்து ஓடுகிறது என்றார். ஸ்டெஃபியிடம் பேசிவிட்டேன் என்றாள். அவர் வெட்கப்படவோ மழுப்பவோ இல்லை. மிட்டாய் கிடைத்த பிள்ளையைப் போல நின்றார்.

"உன்ற பழைய குரலுதான். நொம்ப நாளா ஏங்கிட்டிருந்தேன். அன்னிக்கு நீ வாயத் தொறந்து பதில் சொல்லல, அது இறங்கல. நல்லதாப் போச்சு. நாவல் முடியற வரைக்கும் நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டா போயிரும்."

"நான் இங்கதான இருக்கறனுங்க."

"நீ பேசாத. தொண்டைக்கு ஆகாது," என்றார் அன்பாக. அந்த அன்புதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

இன்னொருத்தியாக இருந்தால் மகள் கவியா வீட்டுக்குச் சேலத்துக்கு பஸ் ஏறியிருப்பாள். புஷ்பலதாவும் பையை எடுத்து வைத்தாள், இரண்டு சேலையைக்கூட மடித்துப் போட்டாள். பிறகு நினைத்துக்கொண்டாள். போய்விட்டால்? அவர் பாட்டுக்கு அதனோடு இருப்பார். தட்டு வைப்பதற்கு ராசாத்தி போதும். நான் பேசிப் பேசி உண்டாக்கினது, என் தொண்டை, என் சிரிப்பு, நான் மிச்சம் வைக்கிற காபி. அதை அங்கே விட்டுவிட்டு நான் ஏன் போக வேண்டும்? பயம் இருந்தது. அதைவிடப் பொறாமை பெரிதாக இருந்தது. சேலைகளை எடுத்துத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டாள்.

மறுநாள் பனி இன்னும் கெட்டியாக இறங்கியது. சில்வர் ஓக் மரங்களின் அடித்தண்டு மட்டும் தெரிந்தது, மேலே ஒன்றுமில்லை. சாப்பிட்டுக் கைகழுவியவர் தோட்டத்துக் குழாயை மூடப் போனார். அந்த இடைவெளியில் அவள் அறைக்குள் நுழைந்தாள்.

நீலகிரித் தைல வாசனை, பழைய காகித வாசனை, அதற்கு அடியில் வாடின மல்லிகை. மேஜை விளக்கு நேற்றிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து இடம் விட்ட மாதிரி. அல்லது எழுந்திருக்காத மாதிரி. அவள் உட்கார்ந்தாள். பிரம்பு முனகியது. அவள் கனத்துக்கு முனகுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக முனகியது.

சந்திரசேகர் வந்தார், வழக்கம்போல நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். கதையின் கடைசி அத்தியாயம். பங்களாவை வாங்க வந்தவன் வெண்ணிலாவிடம் கேட்கிறான்.

"இத்தனை காலமும் யாருக்காகக் காத்திருந்தாய்?"

புஷ்பலதா வாயைத் திறந்தாள். கரகரப்பு வரப்போகிறது, அவர் திரும்பிப் பார்க்கப்போகிறார், எழுந்து போ என்று அன்பாகச் சொல்லப்போகிறார் என்று உடம்பு கூசியது.

"பேர் சொல்லிக் கூப்பிடறவங்களுக்காக," என்றது வாய்.

தெளிந்த குரல். பழைய குரல். அவளுடையது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் பேனா ஓடியது. அடுத்த கேள்வி வந்தது, பதில் சொன்னாள். அதற்கடுத்தது. சிரிக்க வேண்டிய இடம் வந்தது, சிரித்தாள், நடுவில் மூச்சு உள்ளே இழுத்தது, அவர் தோள் குலுங்கிச் சேர்ந்து சிரித்தது. எத்தனை நாளாயிற்று. வெளியே ஓட்டுத் தண்ணீர் சொட்டுவதும், எங்கோ ரோட்டில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே பனிக்குள் தடவித் தடவிப் போவதும், பேனாவின் கீறலும், இந்தக் குரலும் சேர்ந்து அறை நிறைந்திருந்தது. அவள் பயப்பட மறந்துபோனாள். இடம் திரும்பக் கிடைத்துவிட்டது, வேறு என்ன வேண்டும் என்று இருந்தது.

எப்போது மாறியது என்று தெரியவில்லை. அவர் கேட்டார், பதில் வந்தது. ஆனால் அதை அவள் நினைக்கவில்லை. நினைப்பதற்கு முன்பே வாய் சொல்லி முடித்திருந்தது. அடுத்த பதிலை நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, அவள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்துவிடலாம் என்று நினைத்தாள்.

கால் வரவில்லை.

கையைப் பார்த்தாள். கைப்பிடியில் கிடந்தது. மணிக்கட்டு மொட்டையாக இருந்தது. கல்யாணத்துக்குப் போட்டு இன்றுவரை கழற்றாத இரண்டு வளையல். அதில் ஒன்று ஒட்டுப் போட்டது, கையை அசைத்தால் டக் என்று தனியாகச் சத்தம் வரும்.

இல்லை.

அடுப்படியில் டக் என்று சத்தம் கேட்டது.

ராசாத்தி இன்று வரவில்லை. வீட்டில் வேறு யாரும் கிடையாது. பாத்திரம் இறக்கும் சத்தம். டிகாக்‌ஷன் வாசனை. கூடத்தில் காலடி. மெதுவான, வலது காலைக் கொஞ்சம் இழுக்கிற காலடி, அவளுடைய காலடி. முக்காலியில் தட்டு வைக்கும் சத்தம்.

கதவில் இரண்டு தட்டு.

சந்திரசேகர் கடைசி வரியை எழுதினார். பேனாவை மூடினார். கையை நீட்டிச் சோம்பல் முறித்தார். நாவல் முடிந்துவிட்டது, இனிமேல் கூப்பிடுவார். புஷ்பலதா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் பதில் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் இறங்கிவிடும். சொல்லிவிடு. முந்திக்கொள்.

"புஷ்பா," என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு. அதே பிரியத்தோடு.

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"ஏனுங்க," என்றது கதவுக்கு வெளியே ஒரு குரல். கரகரத்த குரல். தகரத்தில் கல் உரசுகிற குரல்.

அவர் எழுந்தார். திரும்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதி முடித்த கையோடு நாற்காலியைப் பார்த்தார். ஆள் இல்லாத நாற்காலியைப் பார்க்கிற பார்வை. போயிருச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பெருமூச்சு விட்டார். விளக்கை அணைத்தார். கதவைத் திறந்து வெளியே போனார்.

திறந்த கதவு வழியே கூடத்து வெளிச்சத்தில் ஒரு பெண் நின்றாள். புஷ்பலதாவின் பச்சைச் சேலை. கழுத்தில் ஆபரேஷன் தழும்பு. கையில் இரண்டு வளையல். தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். இந்த நாவல் மட்டும் பழைய மாதிரி வந்திருக்கு புஷ்பா என்று அவர் அவள் பேரைச் சொன்னார். அறைக்கு வெளியே, காரணமில்லாமல், அவள் பேரைச் சொன்னார். அந்தப் பெண் சிரித்தாள். தன் தம்ளரை உறிஞ்சினாள். அடியில் ஒரு மடக்கு விட்டுவிட்டுக் கீழே வைத்தாள்.

பிறகு கதவைச் சாத்த வந்தாள்.

இருட்டில் நாற்காலி முனகியது. இப்போது வாய்க்குக் குரல் வந்தது. இனிமையான குரல், இளமையான குரல், சென்னைக்காரர்கள் கேட்டால் சொக்கிப்போகும் குரல். புஷ்பலதா தன் பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"கதவச் சாத்தாதீங்க. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

கதவின் ஓரத்தில் வெளிச்சம் ஒரு கோடாகக் குறுகியது. அந்தக் கோட்டில் ஒரு கண் நின்று, நாற்காலியை நன்றாகப் பார்த்தது. கோடு மறைந்தது. டக் என்று வளையல் சத்தம். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.